நாலு டேப்பு தூரம்

எங்கள் வீட்டுப் பின்முற்றத்துச் சுவரை ஒட்டித்தான் ரொட்டிக்காரரின் படுக்கையறை ஜன்னல். அவருக்கு இரவெல்லாம் அடுப்பில் வேலை. காலையில் கடைகளுக்கெல்லாம் ரொட்டி போட்டுவிட்டு வந்துதான் படுப்பார். எக்ஸ்சேஞ்ச் அக்கா எங்கள் ஜெனரேட்டரைப் புதன்கிழமை தோறும் பதினோரு மணிக்கு ஓட்டிப் பார்க்க ஆரம்பித்தபோது, அது அவர் அடித்துப் போட்டாற்போல் தூங்குகிற நேரம். மனிதர் வாயைத் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. ஒருநாள் அந்த ஜன்னலுக்கு உள்பக்கமாக ஒரு போர்வையை மடித்து ஆணி அடித்திருப்பதை அக்கா பார்த்தார். அடுத்த புதனிலிருந்து நேரம் மாலை நாலரை என்று ஆகிவிட்டது.

"ஏன்க்கா மாத்திட்டீங்க?" என்று கேட்டேன்.

"காலையில எனக்குக் கை ஒழியல தம்பி" என்றார்.

அக்கா வேலையிலிருந்து ஓய்வு பெற்று மூன்று வருஷம் ஆகியிருந்தது. காலையில் அவருக்கு ஒழியாத கையெல்லாம் கிடையாது. ஒரு மாதம் கழித்து ரொட்டிக்காரர் சுவருக்கு மேல் தலையை நீட்டி, "டைலர் அண்ணே, உங்க மிஷின் இப்பல்லாம் சத்தமே போடறதில்லையே, சைலன்சர் மாத்தினீங்களா?" என்று கேட்டார். நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா ஒரு திருகாணியைத் துடைத்துக்கொண்டே, "ஆமா, மாத்தினோம்" என்றார். போர்வை ஜன்னலை விட்டு இறங்கிவிட்டது.

அக்கா இருபத்தேழு வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவர். எங்கள் பக்கத்துப் போர்ஷனில் தனியாகக் குடியிருந்தார். பின்முற்றம் இரண்டு வீட்டுக்கும் பொது. எனக்கு அவரைப் பழக்கமானது புடவைகளால். எங்கள் வீட்டு முன்னறைதான் என் தையற்கடை. அங்கே ஒருநாள் ஆறு புடவைகளைக் கொண்டுவந்து போட்டார். ஒவ்வொன்றிலும் முழங்காலுக்குக் கீழே மிளகு மிளகாக ஓட்டை.

"பூச்சி அரிச்சிருச்சா அக்கா?"

"பூச்சி இல்ல தம்பி, பேட்டரி. எக்ஸ்சேஞ்சுல இருந்தப்போ பட்டது. இருபத்திநாலு பேட்டரி, ஒவ்வொண்ணும் உன் மிஷின் உசரம். வாரா வாரம் மாட்டுக்குக் காட்டுற மாதிரி தண்ணி காட்டணும். ஆசிட் தெறிக்கும். புடவையில படறது கணக்கில்ல, கண்ணுல படாம இருந்தா சரி."

அங்கே கூட்டிப் பெருக்கத்தான் சேர்ந்தாராம். கரண்ட் போனால் ஓட்டுகிற எஞ்சின் இருந்த அறையும் அவர் பெருக்க வேண்டிய அறைகளில் ஒன்று. எஞ்சினைப் பார்த்துக்கொள்ள வேறொருவர் இருந்தார். அவர் வாரா வாரம் பதிவேட்டில் 'ஓட்டிப் பார்த்தேன், நன்றாக உள்ளது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுவார். எஞ்சின் கைப்பிடியில் சிலந்தி வலை கட்டியிருந்தது. தினம் பெருக்குகிற அக்காவுக்கு அது தெரியும். துடைப்பக்காரி சொன்னால் யார் கேட்பார்கள் என்று பேசாமல் இருந்துவிட்டார். ஒருநாள் கரண்ட் போய், பேட்டரியும் தீர்ந்து, எஞ்சின் கிளம்பவில்லை. இரண்டு மணி நேரம் ஊரில் ஒரு போனும் வேலை செய்யவில்லை. அப்போது ஒருவர் எக்ஸ்சேஞ்சுக்கே ஓடி வந்தார். வீடு பற்றி எரிகிறது, தீயணைப்புக்குப் போன் போகவில்லை என்று.

"அவர் மூஞ்சி எனக்கு ஞாபகம் இல்ல தம்பி. செருப்பில்லாத காலு மட்டும் ஞாபகம் இருக்கு."

"அப்புறம் என்ன ஆச்சுக்கா?"

"கேக்கல. கேக்க தைரியம் வரல."

அன்று சாயங்காலம் அக்கா பெரிய அதிகாரியிடம் போய்ச் சிலந்தி வலையைப் பற்றிச் சொன்னார். அதிகாரி எஞ்சின் அறைச் சாவியை அக்கா கையிலேயே கொடுத்துவிட்டார். அதற்குப் பிறகு அந்த எஞ்சின் ஒருநாள்கூட முரண்டு பிடித்ததில்லை என்பார். இதைப் பெருமையாகச் சொல்ல மாட்டார். துணி துவைத்தேன், உலர்த்தினேன் என்பது போலத்தான் சொல்வார்.

இனி எங்கள் வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். என் வீட்டுக்காரி கல்யாணத்துக்கு முன்னும் பின்னுமாகப் பன்னிரண்டு வருஷம் பஞ்சாலையில் வேலை செய்தவள். அந்தத் தூசி நெஞ்சிலேயே தங்கிவிட்டது. மூச்சு வாங்கி வாங்கி, கடைசியில் டாக்டர் ஒரு ஆக்சிஜன் மிஷினை வீட்டிலேயே வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். சின்னப் பெட்டி மாதிரி இருக்கும். கரண்டில் ஓடும். அதிலிருந்து ஒரு மெல்லிய குழாய் அவள் மூக்குக்கு வரும். கரண்ட் போனால் வீலென்று கத்திவிட்டு நின்றுவிடும். அவசரத்துக்கு ஒரு சிலிண்டர் உண்டு. அது இரண்டு மணி நேரத்துக்குத்தான் தாங்கும்.

இதைக் கேட்டுத்தான் கப்பலில் வேலை பார்க்கிற என் மச்சான், தன் அக்காள் மேல் உள்ள பாசத்தில், ஒரு ஜெனரேட்டரை வாங்கி அனுப்பினான். இரண்டு பேர் சேர்ந்தால் தூக்கிவிடலாம். கயிற்றைப் பிடித்து இழுத்தால் ஓடும். வந்த அன்று டாங்க் நிறையப் பெட்ரோல் ஊற்றி ஒரு தடவை ஓட்டினோம். வீட்டுக்காரி கை தட்டினாள். ஆண்டவன் நமக்கு ஒரு வழி காட்டிவிட்டார் என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அதன் பிறகு ஒரு தையல்காரன் மட்டுமே செய்யக்கூடிய காரியத்தைச் செய்தேன். நல்ல கெட்டி ரெக்ஸினில் அதற்கு ஒரு உறை தைத்தேன். அளவெடுத்து, உடம்போடு ஒட்டினாற்போல், ஓரத்துக்குப் பைப்பிங் வைத்து, அடியிலும் துணி கொடுத்து, கழுத்து முதல் கால் வரை ஜிப். காற்றுகூடப் புகாது. என் கைக்கு அப்படியொரு வேலை அமைந்ததில்லை. தையல் அறை மூலையில் வைத்து, தினமும் அதன் பக்கத்தில் நின்று, "ஆண்டவரே, இது தேவைப்படாமலே இருக்கட்டும்" என்று வேண்டிக்கொள்வேன். எட்டு மாதம் வேண்டினேன். ஒருநாளும் ஓட்டவில்லை.

புடவைகளை வாங்க வந்த அக்கா அந்த மூலையைப் பார்த்தார்.

"இது யாருக்குத் தம்பி கோட்டு? மாப்பிள்ளை எங்க?"

விஷயத்தைச் சொன்னேன். அக்கா ஜிப்பை இழுத்தார். குப்பென்று புளித்த வாசனை. உள்ளே ரெக்ஸின் வேர்த்திருந்தது. சைலன்சர் மேல் துரு. "இழு பாப்போம்" என்றார். இழுத்தேன். பதிமூன்று தடவை இழுத்தேன். தோள்பட்டை கழன்றதுதான் மிச்சம், அது ஒரு இருமல்கூட இருமவில்லை. கட்டிலில் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரி மூக்குக் குழாயோடு சிரித்தாள். "என்னங்க, அதுக்கும் மூச்சு வாங்குது போல."

அக்கா சிரிக்கவில்லை. "நீ இதைப் பத்திரமா வைக்கல தம்பி. அடக்கம் பண்ணி வச்சிருக்கே."

"தினமும் வேண்டிக்கிட்டுதான் இருந்தேன்க்கா."

"வேண்டிக்கோ, நல்லதுதான். ஆனா அவர் வந்து கயிறு இழுக்க மாட்டார் பாரு."

மூன்று நாள் வேலை. அக்கா கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தைக் கழற்றிக் காட்டினார். பெட்ரோல் காய்ந்து, மரத்துக்குப் பூசுகிற வார்னிஷ் மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. என் ஊசியால்தான் அதன் பொடி ஓட்டையைக் குத்தி எடுத்தோம். பிளக்கைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்தார். கறுத்த ஆயிலை வடித்துப் புதிதாக ஊற்றினார். மூன்றாம் நாள் இரண்டாவது இழுப்பில் ஓடியது. என் ரெக்ஸின் கோட்டைப் பிரித்து, நாலு கைப்பைகள் தைத்துவிட்டேன்.

அன்று முதல் புதன்கிழமை தோறும் ஓட்டிப் பார்ப்பது என்று ஆனது. சும்மா ஓட விடக்கூடாது, பாரம் கொடுக்க வேண்டும் என்பார் அக்கா. என் இஸ்திரிப் பெட்டிதான் பாரம். வாரமெல்லாம் தைத்த துணிகளைச் சேர்த்து வைத்து, புதன்கிழமை பின்முற்றத்தில் மேஜை போட்டு இருபது நிமிஷம் தேய்ப்பேன். அதன் பிறகு பெட்ரோல் குழாயை மூடிவிட்டுத் தானாக நிற்கும் வரை விட வேண்டும். அப்போதுதான் கார்புரேட்டரில் எதுவும் தங்காது. கை வைத்து அஞ்சு எண்ணும் வரை சுடாமல் இருந்தால்தான் உறை போடலாம். உறையும் புதுசு. கித்தான் துணியில், பாவாடை மாதிரி, அடியில் திறந்து, காற்றுப் போக. பெட்ரோல் கேனில் தேதி எழுதி, வெளியே நிழலில் ஒரு கம்பிக் கூண்டுக்குள் வைக்கச் சொன்னார். மூன்று மாதம் ஆன பெட்ரோல் ரொட்டிக்காரரின் ஸ்கூட்டருக்குப் போய்விடும். ஜெனரேட்டரைச் சுவரில் பதித்த வளையத்தோடு சங்கிலி போட்டுப் பூட்டினோம். மழை பெய்தாலும் ஓட்டுவதற்காக, நாலு குழாயில் நிற்கிற கித்தான் கூடாரம் ஒன்றும் தைத்தேன். பக்கமெல்லாம் திறப்பு, மேலே மட்டும் துணி.

"எவ்வளவு தள்ளி வைக்கணும்க்கா?"

அக்கா என் கழுத்தில் தொங்கிய இஞ்சு டேப்பை எடுத்தார். "உன் டேப்பு எத்தனை அடி?"

"அஞ்சு."

"நாலு டேப்பு. வீட்டுக்காரி படுக்கையிலேருந்து, ஜன்னல்லேருந்து, ரொட்டிக்காரர் ஜன்னல்லேருந்து, கதவுலேருந்து, எங்கேருந்து அளந்தாலும் நாலு டேப்புக்குக் குறையக் கூடாது. இதோட புகை பொல்லாதது. கண்ணுக்குத் தெரியாது, ஆளைத் தூங்க வச்சிரும். புகைக்குழாய் வீட்டுக்கு முதுகு காட்டணும்."

அளந்து, முற்றத்தின் கடைசியில் தையல் சாக்பீஸால் கட்டம் போட்டோம். மழை அழிக்கும், நான் திரும்பப் போடுவேன்.

இப்படி நாலு வருஷம் போனது. சின்னச் சின்னக் கரண்ட் வெட்டுக்கெல்லாம் வீட்டுக்காரிக்கு ஒரு குறையும் வரவில்லை. மிஷின் வீலென்று கத்தும், நான் சிலிண்டரை மாட்டுவேன், அக்கா கயிற்றை இழுப்பார், ஜெனரேட்டரிலிருந்து வரும் நீளக் கம்பியை நேராக ஆக்சிஜன் மிஷினில் குத்துவோம். ஐந்து நிமிஷம்தான். இதற்குள் அக்காவுக்குச் சர்க்கரை வியாதி கூடி, காலில் ஒரு புண் ஆறாமல் இருந்தது. வாரம் இரண்டு நாள் கட்டு மாற்ற ஆஸ்பத்திரிக்குப் போவார்.

அந்தப் புயல் வந்தபோது முதல்நாள் விடிகாலையிலேயே கரண்ட் போய்விட்டது. கம்பங்கள் சாய்ந்துவிட்டன, மூன்று நாளாகும் என்றார்கள். எங்களுக்குப் பயமில்லை. ஜெனரேட்டர் கூடாரத்துக்குள் குதிரை மாதிரி ஓடியது. நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை நிறுத்தி, ஆற வைத்து, பெட்ரோல் ஊற்றினோம். அந்த நேரத்துக்கு மட்டும் சிலிண்டர்.

இரண்டாம் நாள் காலை மழை கொஞ்சம் விட்டது. அக்காவின் கட்டு நனைந்து நாற்றம் எடுத்திருந்தது. "போய் மாத்திட்டு ஒரு மணி நேரத்துல வந்துடறேன்" என்று கிளம்பினார். அவர் தெருமுனை திரும்பியிருக்க மாட்டார், காற்று மறுபடி பிடித்துக்கொண்டது. கூடாரத்தின் ஒரு குழாய் பிடுங்கிக்கொண்டு போய், கித்தான் பட்டம் மாதிரி அடித்தது. மழை சாய்ந்து நேராக ஜெனரேட்டர் மேல் விழுந்தது. இது நனைந்து நின்றுபோனால், சிலிண்டரில் மிச்சம் முக்கால் மணி நேரம், அதன் பிறகு அவளுக்கு என்ன?

ஜெனரேட்டரை நிறுத்தினேன். சிலிண்டரை மாட்டினேன். ஜெனரேட்டரை இழுத்து, தள்ளி, எப்படியோ எங்கள் பின்கட்டு அறைக்குள் கொண்டுவந்துவிட்டேன். அங்கேதான் பழைய துணி மூட்டைகள் கிடக்கும். அக்கா சொன்னதை மறக்கவில்லை. கழுத்திலிருந்த டேப்பை எடுத்து அளந்தேன். வீட்டுக்காரியின் கட்டிலிலிருந்து நடை வழியாகப் பின்கட்டு வரை நாலு டேப்பு, மேலே ஒரு சாண். புகைக்குழாயையும் வீட்டுக்கு முதுகு காட்டித் திருப்பி வைத்தேன். சரியாக இருக்கிறது என்று மனசு நிம்மதியானது. சாரல் அடிக்கிறதே என்று பின்கதவைச் சாத்தினேன். ஜன்னல்களையும் சாத்தினேன். கயிற்றை இழுத்தேன், முதல் இழுப்பிலேயே ஓடியது. சிலிண்டரை மூடி, அவளை மறுபடி ஆக்சிஜன் மிஷினுக்கு மாற்றினேன். ஆண்டவருக்கு நன்றி சொன்னேன்.

கொஞ்ச நேரத்தில் வீட்டுக்காரி, "தலை வலிக்குதுங்க" என்றாள்.

"ரெண்டு நாளா தூக்கமில்ல, கண்ணை மூடிக்க."

கண்ணை மூடிக்கொண்டாள். எனக்கும் தலை கனத்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அவளுக்காக வேண்டிக்கொள்ள ஆரம்பித்தேன். சொல்ல வேண்டிய வார்த்தைகள் பாதியில் நழுவி நழுவிப் போயின. நன்றாக வேண்டக்கூட முடியாத அளவுக்கு அலுத்துவிட்டோம் போல என்று நினைத்துக்கொண்டேன்.

அக்கா பிறகு சொன்னார். தெருவுக்குள் நுழைந்ததுமே சத்தம் தப்பாகக் கேட்டதாம். முற்றத்திலிருந்து வர வேண்டிய சத்தம் வீட்டுக்குள்ளிருந்து, பானைக்குள் தலையை விட்டுப் பேசுகிற மாதிரி வந்ததாம். கட்டுப்போட்ட காலோடு தண்ணீரில் ஓடி வந்திருக்கிறார். முன்கதவு திறந்ததுதான் எனக்குத் தெரியும். செருப்போடு உள்ளே வந்தார். அதுவரை எங்கள் வீட்டுக்குள் செருப்போடு வந்ததில்லை. நேரே பின்கட்டுக்குப் போனார். சத்தம் நின்றது. ஒவ்வொரு கதவாக, ஜன்னலாக அடித்துத் திறந்தார்.

"எழுந்திரு தம்பி! எழுந்திருடா! அவ தோளைப் பிடி!"

அதற்கு முன்னும் பின்னும் அக்கா என்னை டா போட்டதில்லை. இருவருமாக அவளைத் தூக்கி, வாசற்படியில் சாரலில் உட்கார வைத்தோம். அக்கா சிலிண்டரை மாட்டி, அவள் கன்னத்தைத் தட்டிக்கொண்டே இருந்தார். "ஏ தங்கச்சி, கண்ணைத் திற. என்னைப் பாரு. திட்டணும்னா திட்டு, கண்ணை மட்டும் மூடாதே." எவ்வளவு நேரம் என்று தெரியாது. வீட்டுக்காரி ஒரு தடவை குமட்டினாள். பிறகு கண்ணைத் திறந்து, "செருப்போட வந்துட்டீங்களேக்கா" என்றாள். அக்கா அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

"நனையுமேன்னு..." என்றேன்.

"அது நனைஞ்சா துடைச்சுக்கலாம் தம்பி."

"நாலு டேப்பு அளந்துதான்க்கா வச்சேன். டேப்பைப் போட்டுப் பார்த்தேன்."

அக்கா என்னையே பார்த்தார். வைவார் என்று காத்திருந்தேன். "நாலு டேப்புன்னு சொன்னவ, வெளியிலன்னு ஒரு தடவைகூடச் சொல்லலியே" என்றார். "வெளியில இருக்கறதுதானேன்னு விட்டுட்டேன். இதுவும் எம் மேலதான்."

அது அவர் மேல் இல்லை. ஆனால் அப்போது அதைச் சொல்ல நேரமில்லை. சிலிண்டரில் அரை மணி நேரம்தான் இருந்தது. அக்கா சுவர்ப் பக்கம் திரும்பி, "ரொட்டி! ஏ ரொட்டி! எழுந்து வா!" என்று குரல் கொடுத்தார். கரண்ட் இல்லாமல் மாவு பிசைகிற மிஷின் ஓடாததால் அவரும் வீட்டில்தான் இருந்தார். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்தார். விஷயத்தைக் கேட்டதும் திரும்பிப் போனார். போய், ரொட்டித் தட்டுகளை அடுக்குகிற இரும்பு ஸ்டாண்டைச் சக்கரத்தோடு தள்ளிக்கொண்டு வந்தார். ஆள் உயரம், நாலு பக்கமும் திறந்தது. கீழ்த்தட்டுகளை உருவிவிட்டு, சாக்பீஸ் கட்டத்தில் செங்கல் அடுக்கி, ஜெனரேட்டரை மேலே ஏற்றி, ஸ்டாண்டை அதற்கு மேல் நிறுத்தினோம். மேல்பக்கம் ரொட்டித் தட்டுகளைக் கூரை மாதிரி ஒன்றன்மேல் ஒன்று சரித்து அடுக்கினார். சாரல் வருகிற பக்கத்தில் மட்டும் நாலு தட்டுகளைத் தள்ளி நிறுத்திக் கட்டினார். ஸ்டாண்டைச் சுவர் வளையத்தோடு சங்கிலியால் பிணைத்தோம். அக்கா பிளக்கைத் துடைத்து, தன் புடவைத் தலைப்பால் கம்பி முனையைத் துடைத்து, என்னிடம் கயிற்றைக் கொடுத்தார்.

"நீயே இழு."

இழுத்தேன். ஓடியது. உள்ளே ஆக்சிஜன் மிஷின் மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. சிலிண்டரின் முள் அப்போது சிவப்பில் இருந்தது.

"அண்ணே, சைலன்சரை மறுபடி மாத்தணும் போலருக்கே" என்றார் ரொட்டிக்காரர். அன்று முதல் தடவையாக எல்லோரும் சிரித்தோம். அப்போதுதான் அக்காவின் கால் கட்டைப் பார்த்தேன். புதிதாகப் போட்ட வெள்ளைத் துணி சேறும் ரத்தமுமாக இருந்தது. காற்று அடங்கியதும் ரொட்டிக்காரர் சிலிண்டரை நிரப்பிக்கொண்டு வந்தார். கரண்ட் மறுநாள் மாலையில்தான் வந்தது. வீட்டுக்காரியை ஆஸ்பத்திரியில் காட்டினோம். இன்னும் அரை மணி நேரம் போயிருந்தால் சொல்வதற்கில்லை என்றார் டாக்டர்.

அக்காவின் கால் அந்தத் தண்ணீருக்குப் பிறகு தேறவே இல்லை. இரண்டு விரல்களை எடுத்தார்கள். ஏற்கெனவே எடுக்க வேண்டியதுதான், மழையால் ஒன்றுமில்லை என்று எங்களிடம் அக்கா சாதித்தார். ஏழு மாதம் கழித்து, தனியாக இருக்கக் கூடாது என்று அவருடைய தங்கை வந்து கூப்பிட்டுக்கொண்டு போனார். போன இடத்தில் ஒன்றரை வருஷம் இருந்து, ஒரு காலையில் எழுந்திருக்காமல் போய்விட்டார். ஆண்டவர் அவருக்கு நல்ல இடம் கொடுத்திருப்பார். அக்கா சொன்னதுபோல், என் வேண்டுதலில் அதை நான் தினமும் கேட்கிறேன். கயிற்றைப் புதன்கிழமை நானே இழுக்கிறேன்.

அக்கா தங்கையோடு புறப்பட்ட அன்று வேன் வாசலில் நின்றது. என் வீட்டுக்காரி குழாய் எட்டுகிற வரை வந்து, வாசற்படியில் நின்றாள். அவளுக்கு அழுகையில் மூச்சு முட்டியது. "அழாதே, ஆக்சிஜன் வீணாப் போகுது" என்றார் அக்கா. ரொட்டிக்காரர் சூடாக ஒரு ரொட்டியைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார். மத்தியானம் ஒரு மணி, அவர் தூங்க வேண்டிய நேரம். "போய்ப் படு ரொட்டி, நாலரைக்குத்தான் மிஷின்" என்றார் அக்கா அவரிடம். அவர் முழித்தார். நாலரையின் கதையை அப்போதுதான் நான் அவர் காதில் சொன்னேன்.

வேனுக்குள் உட்கார்ந்தபின் அக்கா ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, என் கழுத்திலிருந்த டேப்பின் நுனியைப் பிடித்துக்கொண்டார்.

"அவளை உள்ள வை, அதை வெளியில வை, நடுவுல நாலு டேப்பு. மாத்தி வச்சிடாதே தம்பி."